முன்னாள் மாணவர் சங்கம்: 2024–2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வருகை தந்துள்ள அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஐந்து முறை கூடியது. சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடைபெற்றன.

ஆவணி மாதம் நம் பெரிய சார் காலமானார். 1972இல் நம் ஊர் ஈராசிரியர் பள்ளிக்கு இடைநிலை ஆசிரியராக வந்தவர், 2006இல் தலைமையாசிரியராக ஓய்வு பெறும்வரை, மாடு மேய்க்கப் போன பிள்ளைகளைக் காடுகரையில் தேடிப் பிடித்து வகுப்பில் உட்கார வைத்தார். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது, சமையற்கூடம் கட்டி முடியும்வரை தம் வீட்டுக் கொல்லையில்தான் அடுப்பு மூட்ட இடம் கொடுத்தார். 1991இல், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியதும், பகலில் பள்ளி, கல் வெட்டும் தொழில் செய்யும் பெண்களுக்கு இரவில் அரிக்கேன் விளக்கடியில் வகுப்பு என்று ஒரு பைசா ஊதியமில்லாமல் உழைத்தார். அந்த இயக்கத்தின் வழியே பெண்கள் சைக்கிள் கற்ற நாட்களில் லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. தம்முடைய பார் வைத்த சைக்கிளையே கொடுத்து, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அந்த இரவு வகுப்பின் பதிவேடுகள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பாதி கரையான் அரித்த நிலையில் கிடைத்தன. அவற்றைப் பாதுகாக்கச் சங்கப் பணத்தில் பழைய இரும்பு பீரோ ஒன்றை வாங்கினேன். செயற்குழுவைக் கேட்காமல் வாங்கியது தவறு என்று சிலர் குறை கூறினர். மூன்று கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பியும் அவர்கள் வரவில்லை. கரையானோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு பதிவேட்டின் முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. பின்பக்கங்களில் அதே பெயருக்கு நேராக, முதல் எழுத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை சரியாகப் போட்ட கையெழுத்து இருக்கிறது. அது என் தாயாருடையது என்பதை இந்தச் சபையில் சொல்வது என் கடமை. அவர் போட்ட முதல் கையெழுத்து எந்த வங்கித் தாளிலும் இல்லை, அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சார் ஓய்வுக்குப் பிறகும் தம் வீட்டுத் திண்ணையில் நடத்திவந்த மாலைப் படிப்பகத்தை, குடும்பத்தாரின் அனுமதியுடன் கார்த்திகை முதல் தொடர்ந்து நடத்திவருகிறோம். தினமும் இருபது பிள்ளைகளுக்குக் குறையாமல் வருகிறார்கள். வயல் வேலை முடித்து நான் வந்து சேர ஆறரை மணி ஆகிவிடுகிறது. அதுவரை கல்லூரி மாணவியர் இருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குச் சொல்லித்தரத்தான் ஆளில்லை.

பதிவேட்டில் 84 உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதச் சந்தா 50 ரூபாயை ஒழுங்காகச் செலுத்துவோர் முப்பது பேரைத் தாண்டவில்லை. சாரின் மறைவுச் செய்தி வந்த இரவில் வாட்ஸ்அப் குழுவில் விடியும்வரை இரங்கல் குவிந்தது. படத்திறப்புக்கு நேரில் வந்தவர்கள் பத்தொன்பது பேர். வெளியூரில் பிழைப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் உள்ளூரிலேயே இருந்துகொண்டு, திருவிழா வரிக்கு முதல் ஆளாக நிற்பவர்கள், அவரிடம் அ, ஆ படித்தவர்கள், வராமல் இருந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதலாகியுள்ளது. பற்றாக்குறையைத் தற்போதைக்கு நான் ஈடுசெய்துள்ளேன். விவரங்கள் பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளன.

இடம் தந்த சார் குடும்பத்தாருக்கும், மின் கட்டணத்தை ஏற்ற மளிகைக்கடை அன்பருக்கும், ஊராட்சி மன்றத்தாருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

நான்காம் ஆண்டாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் ஒருவர் முன்வந்தால் கணக்கையும் சாவியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் படிப்பகத்தைப் பூட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. செயலாளர் பொறுப்பு வேண்டாம் என்பவர்கள் வாரத்தில் ஒரு மாலை கணக்குப் பாடம் எடுக்க வரலாம். நிலுவைச் சந்தாவைப் பொருளாளர் இன்று தேநீருக்கு முன் வாயிலருகே பெற்றுக்கொள்வார். ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்