590 அடி

2022 ஏப்ரல்

அன்பு மாப்ளே,

உம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்து உன்னைப் பஸ் ஏற்றிவிட்டதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசலாமே என்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்து மழுப்புவாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால்தான் காகிதம்.

முதலில் ஊர்ச் செய்தி. 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது, விசைப்படகெல்லாம் கரையில். டீசல் நூறைத் தாண்டிய நேரத்தில் தடை வந்ததே நல்லது என்கிறான் நம் கூட்டாளி ஒட்டகம். அவனுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. பனங்கற்கண்டு சாப்பிடலாம் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள், அங்கே அரிசி வாங்க வழியில்லையாம். பார்க்க மனசு கேட்கவில்லை. உன் சாச்சி வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் தினமும் வருகிறது. உன் பங்கையும் நானே குடிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கச்சி மகள் நகராட்சிக் கவுன்சிலர் ஆனது தெரியும்தானே, ஒன்பது ஓட்டில்? மார்ச் 2 பதவியேற்றாள். வார்டில் ஒரு தெருவிளக்குக்கூட மாட்டவில்லை, ஏப்ரல் முதல் தேதி சொத்து வரி அறிவிப்பு வந்துவிட்டது. தேதியைப் பார்த்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாளாம், பாவம். "மாமா, ஓட்டுப் போட்டவர்களுக்கு நான் செய்கிற முதல் வேலை இதுதானா?" என்று வாசலில் வந்து நின்றாள்.

வீட்டுவரி வசூலிக்கும் பில் கலெக்டர் வேலையை விட்டாலும் வாய் விடுமா? உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வீடு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம் கூடும். 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் இரட்டிப்பு. கடைகளுக்கும் இரட்டிப்பு. (நீ ரொம்பச் சிரிக்காதே. சென்னை மண்ணடியில் உங்களுக்கு 50இல் தொடங்கி 150 வரை. உன் வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றாமல் விடுவாரா?) நகராட்சிகளில் கடைசியாகப் பொதுச் சீராய்வு நடந்தது 2008இல். 2018இல் வரியைக் கூட்டினார்கள், 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள், கட்டிய கூடுதல் பணத்தைப் பின்னால் வரும் அரையாண்டுகளுக்கு வரவு வைக்கச் சொன்னார்கள். இப்போது பதினைந்தாவது நிதிக்குழு, வரியைச் சீர்செய்தால்தான் மானியம் என்று சொல்லிவிட்டது. மானியம் நின்றால் குப்பை வண்டிக்கு டீசல் போட முடியாது. எதிர்த்துப் பேசு, ஆனால் இதெல்லாம் தெரிந்துகொண்டு பேசு என்றேன்.

நகராட்சிக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மாப்ளே, நம் பள்ளிக்கூட ஆண்டுவிழா தேவலை. ஒருவர் சுருட்டி வைத்த அரசாணையைக் காட்டி இது மேலிடத்து உத்தரவு, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்கிறார். இன்னொருவர் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுவிட்டு வரி கேட்க வெட்கமில்லையா என்கிறார். லாட்ஜ் வைத்திருப்பவர் ஏழை மீனவருக்காகக் கண்ணீர் விடுகிறார்! கடைசியில் நம் பிள்ளை எழுந்தாள். கை நடுங்கியதை நான் பார்த்தேன், குரல் நடுங்கவில்லை. "600 அடிக்கு 25, 601 அடிக்கு 50. அந்த ஒரு அடி என்ன தங்கத்திலா கட்டியிருக்கிறார்கள்? தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம், ஜூன் பாதி வரை அதுதான் வருமானம். அந்த மாதங்களிலா நோட்டீஸ் கொடுப்பது?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. அவளாகவே யோசித்தது.

அப்போதுதான் பஜார் வார்டுக்காரர் எழுந்தார். உனக்குத் தெரிந்த ஆள்தான், பழைய கணக்கு ஒன்று அவருக்கு என்னோடு உண்டு. "கவுன்சிலரம்மா நல்லா அளந்து பேசுறாங்க. அவங்க மாமாவும் நல்லா அளந்தவர்தான். ஒரு தெருவில் வீடெல்லாம் 590 அடி, 595 அடி. டேப்பு அங்கே மட்டும் நீளுமோ?" என்றார். மன்றமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். பொய் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாள், மாப்ளே. நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

இனிமேல் சிரிக்காமல் படி. 2008இல் உங்கள் தெருவை அளந்தது நான்தான். உன் வீட்டுக்கு வந்தபோது உம்மா இஞ்சி டீ கொடுத்தார்கள், பக்கத்தில் தட்டு நிறைய வட்டலாப்பம். "புள்ள அங்கே ஒத்தையில் சம்பாதிக்கிறான், பாத்துப் போடு வாப்பா" என்றார்கள். அவ்வளவுதான். காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாடியை எழுதாமல் விட்டேன், அடைத்த திண்ணையையும் விட்டேன். 590 என்று போட்டேன். ஒரு வீட்டுக்குச் செய்த பிறகு பக்கத்து வீட்டுக்கு எப்படி இல்லை என்பது? பதினோரு வீடு. எல்லாம் என் கையெழுத்து.

நேற்று உன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். என் பழைய துணி டேப்பில் முதல் மூன்று அங்குலம் தேய்ந்து எழுத்தே இல்லை, அதனால் அடுத்த வீட்டுப் பையனிடம் ஸ்டீல் டேப் வாங்கி, ஒரு முனையை அவனையே பிடிக்கச் சொன்னேன். பாறைக்கல் சுவர் உப்புக் காற்றில் உதிர்ந்து டேப் பட்ட இடமெல்லாம் மாவாகக் கொட்டியது. திண்ணை, கீழ்வீடு, மாடி எல்லாம் சேர்த்து 1,140 அடி. இப்போது உன் அரையாண்டு வரி 310. பொய்க் கணக்கிலேயே விட்டால் 388 ஆகும். உள்ளபடி எழுதினால் பழைய வரியே 600 பக்கம் வரவேண்டியது, அதில் 50 சதவீதம் கூடினால் ஏறக்குறைய 900. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கூடுதல். உனக்கு அது பெரிசில்லை என்று எனக்குத் தெரியும். உன் தெருவில் மூன்றாவது வீட்டுக் கிழவிக்குப் பெரிசு. அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

என் வீட்டை ஒழுங்காக அளந்து எழுதியவன் நான், அது 640. பின்னால் இழுத்துக் கட்டிய சமையல்கட்டால் வந்த 40 அடிக்கு மொத்த வரியும் 50 சதவீதத்துக்குப் போகிறது. "ஊருக்கெல்லாம் குறைச்சு எழுதின மனுசன், சொந்த வீட்டுக்கு மட்டும் அரிச்சந்திரன்" என்று நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரி மூன்று நாளாகச் சாடுகிறாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. பேப்பரில் விளம்பரம் போட்டு, முப்பது நாளைக்குள் ஆட்சேபணை கேட்பார்கள். அதற்குள் பதினோரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று நம் கவுன்சிலர் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபமாகப் பேசவில்லை. "மாமா, அடுத்த கூட்டத்துக்கு வராதீங்க" என்று மட்டும் சொன்னாள். பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

முதல் வீடு உன்னுடையது. வீட்டுவரி சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. திட்டுவதாக இருந்தால் தனிக் காகிதத்தில் திட்டு, படிவத்தில் எழுதிவிடாதே.

மாடி அறையில் நம் கேரம் போர்டு இருக்கிறது. கறையான் ஒரு மூலையை மட்டும் தின்றிருக்கிறது. சிவப்புக் காயைக் காணவில்லை. அதையும் நான்தான் எடுத்தேன் என்பாய். ஆமாம்.

உன்,
பில்லு