வைரஸ் எல்லாமே ஒட்டுண்ணியா? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நானும் உயிரியல் நடத்துகிற ஆசிரியன்தான். வைரஸ் பாடத்தில் வழக்கமாக வரும் ஒரு வரியை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். "வைரஸ்கள் கட்டாய ஒட்டுண்ணிகள்" என்பதுதான் அந்த வரி. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதுகிறார்கள். அதோடு வைரஸைப் பற்றி யோசிப்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

அந்த வரியில் பாதி உண்மை. வைரஸுக்குப் புரதம் செய்யும் ரைபோசோம் சொந்தமாக இல்லை. பெருக வேண்டுமானால் ஏதாவதொரு செல்லுக்குள் நுழைந்தே ஆகவேண்டும். ஆனால் ஒட்டுண்ணி என்று வகுப்பில் சொல்லும்போது, இடம் கொடுத்த உயிருக்கு அது கேடு செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். கொக்கிப்புழு இரத்தம் குடிக்கிறது, மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் சிவப்பணுக்களை உடைக்கிறது. சார்ந்து வாழ்வது எல்லா வைரஸுக்கும் பொருந்தும். கேடு செய்வது பொருந்தாது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதன் திசுக்களுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. புல்லும் பூஞ்சையும் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சூட்டைத் தாங்கும். பிரித்துவிட்டால் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டுமே வளராது. இந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருப்பது 2007-இல் வெளியானது. ஆய்வாளர்கள் பூஞ்சையிலிருந்து வைரஸை நீக்கிப் பார்த்தார்கள்: புல்லுக்குச் சூடு தாங்கும் திறன் போய்விட்டது. திரும்பச் செலுத்தினார்கள்: திறனும் திரும்பியது. இந்த வைரஸை ஒட்டுண்ணி என்று எந்த மாணவருக்கு நான் எப்படிச் சொல்வது? அது போனால் புல்லும் பூஞ்சையும் அந்த மண்ணில் பிழைக்காதே!

கொட்டேசியா குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலைப் புழு போன்ற புழுக்களின் உடலுக்குள் அது முட்டையிடும்போது வைரஸ் துகள்களும் கூடவே உள்ளே போகின்றன. அவை புழுவின் நோயெதிர்ப்பை முடக்குவதால்தான் குளவியின் முட்டை பிழைக்கிறது. அந்தத் துகள்களைச் செய்யும் மரபணுக்கள் சுமார் 10 கோடி ஆண்டுகளாகக் குளவியின் மரபணுத் தொகுதியிலேயே கலந்து கிடக்கின்றன. புழுவுக்கு எமன், குளவிக்கு வாழ்வு. இங்கே ஒட்டுண்ணி குளவிதான். வைரஸ் அதன் கருவி.

காலராவிலும் இதே கதைதான். காலரா நச்சை உண்டாக்கும் மரபணுக்கள் ஒரு பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ், வழியாகக் காலரா பாக்டீரியாவுக்கு வந்தவை என்று 1996-இல் ஆய்வாளர்கள் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். நம்மைக் கொல்லும் நச்சு, பாக்டீரியாவுக்கு நம் குடலிலிருந்து தண்ணீரோடு வெளியேறிப் பரவ வழி. யாருக்குக் கேடு என்று கேட்காமல் இதில் ஒட்டுண்ணி என்று எதையும் சொல்ல முடியாது.

வைரஸுக்கு உயிரே இல்லை, ஆகவே அது ஒட்டுண்ணியும் இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. 1935-இல் ஸ்டான்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் புகையிலைத் தேமல் வைரஸை உயிரற்ற பொருளைப் போலப் படிகமாக்கிய நாள் முதல் நடக்கும் விவாதம் அது. என் கோரிக்கை அதைச் சார்ந்தது அல்ல.

வைரஸால் நன்மையும் உண்டு என்று எழுதினால் பிள்ளைகள் ரேபிஸையும் டெங்குவையும் லேசாக எடுத்துக்கொள்வார்களோ என்று நீங்கள் அஞ்சலாம். தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாவையும் டைபாய்டு பாக்டீரியாவையும் சேர்த்தே நடத்துகிறோம். எந்தப் பிள்ளையும் டைபாய்டு நல்லது என்று எழுதியதில்லை.

எனவே கேட்கிறேன்: "வைரஸ்கள் உயிருள்ள செல்லைச் சார்ந்தே பெருகுபவை, அவற்றில் பல ஒட்டுண்ணிகள், சில இடம் கொடுத்த உயிருக்கு உதவுபவை" என்று எழுதுங்கள். அடுத்த பத்தியில் யெல்லோஸ்டோன் புல்லைச் சேருங்கள். ஒரு மதிப்பெண் வினாவை எடுத்துவிட்டு, அந்தச் சோதனையை விவரித்து, "இந்த வைரஸ் ஒட்டுண்ணியா? காரணம் கூறு" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்