ஊசியும் வேண்டும், கரண்டும் வேண்டும்

மன்னார்குடி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் மாமனாருக்கு, புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கிற ரத்த அளவான பி.எஸ்.ஏ. 46-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டதாம், "இனி எதுக்குக் கரண்ட் வைக்கணும்?" என்று கதிர்வீச்சை வேண்டாம் என்கிறாராம். பி.எஸ்.ஏ. 2 ஆனது, ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியின் வேலை. ஆண் ஹார்மோன் அடங்கினால் பி.எஸ்.ஏ.யும் கூடவே இறங்கும். கட்டி பட்டினி கிடக்கிறது, சாகவில்லை. அதுவும் அவருக்கு, கட்டியின் வீரியத்தைச் சொல்லும் க்ளீசன் எண் 9.

2009-ல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு இதற்குத்தான். ஹார்மோனை அடக்கும் சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 10 வருஷத்துக்குள் இந்த நோயால் போனவர்கள் நூற்றுக்கு 24 பேர். கதிர்வீச்சும் சேர்த்தவர்களில் 12. கரண்ட் மட்டும் போதும் என்பதும் தப்பு. அது புற்றணுவின் டி.என்.ஏ.வை உடைக்கும், ஹார்மோன் இருந்தால் அணு அதை ஒட்டுப்போட்டுக்கொள்ளும். அதனால்தான் முன்னால் இரண்டு மாதம், கரண்ட் நாட்களிலும், அப்புறமும் ஊசி. மொத்தம் ஒன்றரை முதல் மூன்று வருஷம். ஆறு மாதம் இவருக்குப் பத்தாது.

ஊசியை "மூணு மாசத்துக்கு ஒண்ணு" என்று சொல்லிப் பழகாதீர்கள். அவருக்குப் போடும் கோசெரலின் ஊசி 10.8 மி.கி. என்றால் 12 வாரம், 84 நாள். ஜூன் 12-ல், மேட்டூர் திறக்கிற தேதியில், போட்டார். அடுத்தது செப்டம்பர் 4. அது கரண்ட் நடுவில் வரும், சம்பா வேலையும் சேர்ந்துகொள்ளும். "நடவு முடியட்டும்" என்பார். விடாதே, தள்ளிப்போனால் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். முதல் ஊசியில் ஹார்மோன் கொஞ்சம் ஏறித்தான் அடங்கும், அதற்காகக் கொடுத்தது பைகாலுடமைடு 50 மி.கி. மாத்திரை. நிறுத்தச் சொன்னார்களா என்று கேள். தொடர்ந்தால் ஈரல் டெஸ்ட் பார்க்க வேண்டும்.

கரண்ட் 20 நாளா 39 நாளா என்பதை டாக்டர் சொல்வார். ஸ்கேன் எடுத்து அளவு போடும் நாளில் மூத்திரப்பை எவ்வளவு நிறைந்திருந்ததோ, தினமும் அவ்வளவே இருக்க வேண்டும். காலியாக இருந்தால் குடல் கீழே இறங்கிக் கதிருக்குள் மாட்டும். மலக்குடலில் வாயு இருந்தால் புரோஸ்டேட் சுரப்பி முன்னால் தள்ளப்பட்டுக் கதிர் தவறும். அதனால் மொச்சை, கொத்துக்கடலை வேண்டாம். தண்ணீரைப் பஸ்ஸில் குடித்துவிட்டு வந்தால், மெஷின் தாமதமாகும் நாளில் அடக்க முடியாது. அங்கே போய், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, சொன்ன அளவைக் குடித்துவிட்டு, சொன்ன நேரம் காத்திருக்கட்டும். டிகிரி காபியைக் குறைக்கச் சொன்னால் கோபப்படுவார். மூத்திர எரிச்சல் வந்தால் தானே குறைத்துவிடுவார்.

ஊசியால் குப்பென்று உடம்பு கொதித்து வியர்க்கும். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். தினம் அரை மணி நடக்கட்டும். ஆசை குறையும், எரிந்து விழுவார். இதை உன் மாமியாரிடம் மாப்பிள்ளையே சொல்லட்டும், நீ வேண்டாம். மலத்தில் ரத்தம் வந்தால், ஒரு வருஷம் கழித்து வந்தாலும், மூலம் என்று நாட்டு மருந்துக்குப் போகாமல் கரண்ட் வைத்த டாக்டரிடம் காட்டணும்.

ஊசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு. தேதியைச் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா