பச்சைப் பால்: கறந்த நேரத்தையாவது எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காய்ச்சாத பாலைக் குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விருப்பம், அரசு ஏன் குறுக்கே வருகிறது என்கிறார்கள். விவரம் தெரிந்த பெரியவர் தனக்கென எடுக்கும் முடிவை நானும் மதிக்கிறேன். அதே பாலை டம்ளரில் வாங்கிக் குடிக்கும் மூன்று வயதுப் பிள்ளை எந்த முடிவையும் எடுக்கவில்லையே.

மாடு நன்றாக இருக்கிறது என்பது உத்தரவாதம் ஆகாது. ஈ.கோலை ஓ157 கிருமி மாட்டை நோயில் தள்ளுவதில்லை. குடலில் தங்கிச் சாணத்தோடு வெளியேறும். காம்பில் கடுகளவு சாணம் ஒட்டியிருந்தாலே பாலில் இறங்கிவிடும். நோய் வர நூற்றுக்கும் குறைவான கிருமிகள் போதும். சிறு பிள்ளைகளுக்கு ரத்தக் கழிச்சலில் தொடங்கிச் சிறுநீரகம் செயலிழப்பது வரை போகலாம். பாலின் நிறமும் மணமும் மாறவே மாறாது.

சோதித்து விற்கலாமே என்பார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், அதற்குள் பால் தீர்ந்திருக்கும். தொழுவத்தின் சுத்தத்தை அறியத்தான் அந்தச் சோதனை உதவும். அதற்காகவேனும் அது கட்டாயம் வேண்டும்.

விற்பவர் கவனிக்க வேண்டியது கறவையில்தான். காம்பைக் கழுவி, மாட்டுக்கு ஒரு துணியாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கறக்க வேண்டும். ஈரக்காம்பில் கறந்தால் அழுக்குநீர் பாலில் சொட்டும். முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கருப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். மடிநோய் இருந்தால் திரிதிரியாகத் தெரியும். கறந்த பால் இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்க வேண்டும். கேனை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுவிலுள்ள பால் நெடுநேரம் சூடாகவே கிடக்கும். பனிக்கட்டி நீரில் இறக்கிக் கலக்கிவிட வேண்டும். சூட்டில் கிடந்த பாலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நச்சு, பிறகு காய்ச்சினாலும் போகாது. லிஸ்டீரியா என்ற கிருமியோ குளிர்பெட்டியிலும் பெருகும்.

பாஸ்டரைஸ் செய்ய, அதாவது நோய்க்கிருமிகள் சாகும்படி அளவாகச் சூடாக்க, 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி போதும். வைட்டமின் சி, பி1 கொஞ்சம் குறையும். புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும்.

விற்பனையை அறவே தடுக்கச் சொல்லவில்லை. மந்தைக்குக் காசநோய், பால் வழியே மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி ஆகியவற்றுக்கான சோதனை நடக்கட்டும். பாட்டிலில் கறந்த நாளும் நேரமும் இருக்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், முதியோர், எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்ற வரி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அதிலேயே அச்சாகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்