அரங்கின் நடுவில் நின்று கேட்க வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிந்துவிட்டன. பெறுபேறுகள் அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளின் கைக்கு வரும். கோடை விடுமுறையில் உங்கள் மாலைப்பொழுது ஒன்றை எனக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை, ஏறக்குறைய எட்டு வாரங்கள், லண்டனில் சவுத் கென்சிங்டன் பக்கத்தில் இருக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய சாஸ்திரிய இசைவிழா நடக்கிறது. லண்டன் இசைக்குழுக்களோடு பெர்லின் பில்ஹார்மோனிக், வியன்னா பில்ஹார்மோனிக் போன்ற பெரிய குழுக்களும் கடல் கடந்து வந்து வாசிக்கும் விழா. நம் பள்ளியில் வயலின், மிருதங்கம், வாய்ப்பாட்டு படிக்கும் பிள்ளைகளை ஆகஸ்டில் ஒரு நாள் அங்கே அழைத்துப் போக விரும்புகிறேன். நீங்களும் கூட வரவேண்டும்.

போன வருடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஓர் அம்மா, "அது எங்களுக்கான இடம் இல்லையே டீச்சர், உடுப்பு, டிக்கெட் எல்லாம் பெரிய செலவாச்சே" என்றார். பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் வாசலில் நின்றபடி பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

இந்த விழா ஆரம்பித்ததே அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்காகத்தான். 1895 ஆகஸ்ட் 10 அன்று, லாங்ஹாம் பிளேஸில் இருந்த குயின்ஸ் ஹாலில் முதல் கச்சேரி. மண்டபத்தை நடத்திவந்த ராபர்ட் நியூமன், சாதாரண ஆட்களையும் மெல்ல மெல்லப் பெரிய இசைக்குப் பழக்கவேண்டும் என்று நினைத்தவர். ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே போய் நின்று கேட்கலாம். சாப்பிடலாம், குடிக்கலாம், சுருட்டும் பிடிக்கலாம். பாட்டு நடக்கும்போது மட்டும் தயவுசெய்து தீக்குச்சி உரசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். குழுவை நடத்திய ஹென்றி வுட்டுக்கு அப்போது வயது 26.

பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் கேத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, சுருதியை இறக்கவேண்டும் என்பது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இசைக்குழுக்கள் சுருதியை மிகவும் ஏற்றி வைத்திருந்தன. பாடகர்களின் தொண்டை படும் பாட்டைப் பார்த்தவர் அவர். பிரான்சில் வழங்கிய அளவுக்கு இறக்கினால்தான் காசு என்றார், இறக்கினார்கள். நம் பாட்டு டீச்சரிடம் இதைச் சொன்னேன். "கட்டையைக் குறைக்கச் சொன்ன புண்ணியவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 மே 10 இரவு விழுந்த குண்டில் குயின்ஸ் ஹால் எரிந்து அழிந்தது. அந்தக் கோடையிலேயே விழா ஆல்பர்ட் ஹாலுக்கு மாறிவிட்டது. இடிபாட்டிலிருந்து எடுத்த வுட்டின் மார்பளவுச் சிலையை இன்றும் விழா நாட்களில் மேடைக்குப் பின்னால் வைக்கிறார்கள். போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அந்த ஒரு ஷில்லிங் வழக்கமும் போகவில்லை. மேடைக்கு நேர் முன்னால், மண்டபத்தின் நடுவில் நாற்காலியே கிடையாது. கடந்த சில ஆண்டுகளாக 8 பவுண்டு கொடுத்தால் அங்கே நிற்கலாம். ஜீன்ஸ் போட்டவர், வேலையிலிருந்து நேரே பையோடு வந்தவர், கையில் இசைக்குறிப்புப் புத்தகத்தோடு நிற்கும் மாணவர் என்று எல்லோரும் அங்கேதான். விலை கூடிய இருக்கைகளில் இருப்பவர்களைவிட வயலின்காரரின் வில் உங்களுக்குத்தான் கிட்ட. கால் வலித்தால் மேலே கேலரியில் தரையில் உட்கார்ந்தே கேட்கலாம். படுத்துக் கொண்டு கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முதல் தடவை என் மகளோடு. இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கும் நீண்ட படைப்பு. ஆரம்பிப்பதற்கு முன் ஓபோ என்ற ஊதுவாத்தியம் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தது. அதைக் கேட்டு எண்பது பேரும் தங்கள் வாத்தியத்தை அதற்குச் சேர்த்தார்கள். "அம்மா, சுருதி சேர்க்கிறாங்க" என்றாள் மகள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டாம் பகுதியில் கோர் ஆங்கிலே என்ற வாத்தியம் தனியாக எழுந்து வருகிறது. ஓபோவின் சற்றுப் பெரிய உடன்பிறப்பு. இரண்டிலும் ஊதும் முனை, நம் நாதஸ்வரத்துச் சீவாளியைப் போல, இரட்டை நாணல். அந்த மெல்லிய குரல் வந்தபோது ஐயாயிரம் பேர் உட்காரும் மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகள் இதை ஒருமுறையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

அதே த்வோர்ஷாக்கோடு சேர்ந்த இன்னொரு கதையை மூத்த வகுப்புக்குச் சொன்னேன். 1968 ஆகஸ்ட் 21. முந்தின இரவுதான் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்திருந்தன. அன்று மாலை ப்ராம்ஸில் வாசிக்கவேண்டியது சோவியத் அரசு இசைக்குழு. செல்லோ, அதாவது வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், வாசிப்பவர் ரஷ்யரான ரோஸ்ட்ரோபோவிச். வாசிக்க இருந்ததோ செக் நாட்டுக்காரரான த்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ, செல்லோ முன்னின்று இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு. மண்டபத்துக்குள்ளே எதிர்ப்புக் கூச்சல். அவர் கண்ணீரோடு வாசித்தார். முடிந்ததும் த்வோர்ஷாக்கின் இசைத்தாளை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது, வகுப்பில் போட்டுக் காட்டினேன். படை ஊருக்குள் வருவது என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு நான் விளக்கவேண்டி வரவில்லை. வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். ஒரு பையன், "அந்தத் தாளைத் தூக்கினதுக்கு அவரை ஒண்டும் செய்யலையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான்.

2025 மார்ச்சில் இளையராஜா தம் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு ஹாமர்ஸ்மித்தில் அரங்கேற்றியபோது நம் குடும்பங்களில் பல போயிருந்தீர்கள். அங்கிருந்து சவுத் கென்சிங்டன் பிக்கடில்லி லைன் சுரங்க ரயிலில் நாலே நிறுத்தம்.

சரி, இனி நடைமுறை விஷயங்கள். நிற்கும் டிக்கெட் கச்சேரி அன்று காலைதான் இணையத்தில் விற்பனைக்கு வரும். ஆகவே பள்ளியால் மொத்தமாக எடுக்க முடியாது, குடும்பத்துக்குக் குடும்பம் நீங்களே எடுக்கவேண்டும். போகும் தேதியை முடிவு செய்ததும் முந்தின வாரமே வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டுகிறேன். பத்து வயதுக்குக் குறைந்தவர்களை இந்த முறை வேண்டாம், இரண்டு மணிநேரம் நிற்பது அவர்களுக்குக் கஷ்டம். சப்பாத்து வசதியாக இருக்கட்டும். வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நம் பிள்ளைகள் தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பழகியவர்கள்; அங்கே விரலால் சத்தமில்லாமல் எண்ணச் சொல்லுங்கள். ஒரு சிம்பொனி பெரும்பாலும் நாலு பகுதி. பகுதிகளுக்கு நடுவில் யாராவது கைதட்டினால் நீங்களும் தட்டலாம், ஒருவரும் முறைக்க மாட்டார்கள். மண்டபத்துக் கூரையிலிருந்து தொங்கும் காளான் போன்ற வட்டங்கள் எதிரொலியை அடக்க 1969-இல் மாட்டியவை. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.

வர விரும்புபவர்கள் இணைத்திருக்கும் சீட்டில் பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதி, அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட்டுக்குக் காசு சிரமமாக இருந்தால் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது நம் இருவருக்குள் இருக்கும்.

பியானோ இருக்கும் கச்சேரியாக அமைந்தால் பிள்ளைகளை முன்வரிசையில் விடுங்கள். பணியாளர்கள் பியானோவின் மூடியைத் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் "ஹீவ்!" என்று கத்துவார்கள், மேலே கேலரியிலிருந்து "ஹோ!" என்று பதில் வரும். பிள்ளைகளும் சேர்ந்து கத்தலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்