ஹாட்லைன் எதற்கு இருக்கிறது? பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் அணு ஆயுதக் கட்டளை ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2022 மார்ச் 9 மாலை நடந்ததை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நம் விமானப்படையின் பிரமோஸ் க்ரூஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, எல்லை தாண்டி 124 கிலோமீட்டர் போய் பாகிஸ்தானின் மியான் சன்னுவில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பதவி இழந்தார்கள். 24 கோடி ரூபாய் நட்டம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் கணக்கும் கொடுத்தாயிற்று. எப்போது கேட்டாலும் இதையே பதிலாகச் சொல்கிறீர்கள்.

காரணமும் அரசுத் தரப்பே சொன்னதுதான்: போர் ஏவுகணைகளின் கனெக்டர்கள், அதாவது மின் இணைப்பு முனைகள், கழற்றப்படாமல் ஜங்ஷன் பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டியில் செருகியபடியே இருந்தன. ‘முதலில் பயன்படுத்த மாட்டோம்’ என்ற உறுதி, ஆணையத்தின் அரசியல் குழு, நிர்வாகக் குழு என்று 2003 ஜனவரி 4 அன்று நீங்கள் அறிவித்த ஏற்பாடு முழுவதும் அணு ஆயுதத்துக்கானது. இந்தக் கனெக்டர் அதில் எங்கும் வராது.

ஆனால் எதிர்ப்பக்க ராடாருக்கு இந்த வேறுபாடு தெரியுமா? 40,000 அடி உயரத்தில், பயணிகள் விமானங்கள் போகும் வானத்தில், ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஒரு புள்ளி. தலையில் இருப்பது சாதாரண வெடிமருந்தா அணுகுண்டா என்று புள்ளி சொல்லாது. அவர்கள் வான்பரப்பில் அது பறந்தது 3 நிமிடம் 44 விநாடி. விமானம் இல்லை என்று உறுதி செய்வது, மேலே சொல்வது, மேலே உள்ளவர் அவருக்கு மேலே கேட்பது, எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். அன்று நம்மைக் காப்பாற்றியது எதிராளியின் நிதானம். நிதானமா, குழப்பமா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பயந்தவன் கணக்குப் போட்டுப் பார்ப்பான் என்ற நம்பிக்கையில்தான், அணுகுண்டைக் காட்டி எதிரியைத் தடுக்கும் அணுத் தடுப்பாற்றல் நிற்கிறது. கணக்குப் போட நேரம் வேண்டாமா? 2025 மே இந்திய-பாகிஸ்தான் மோதலில், இங்கிருந்து வந்த பிரமோஸில் அணுகுண்டு இருக்கிறதா என்று பார்க்க 30 முதல் 45 விநாடிதான் கிடைத்தது என்றார் பாகிஸ்தான் பிரதமரின் ஆலோசகர் ராணா சனாவுல்லா. அரசியல்வாதி பேச்சு, தள்ளுபடி செய்தே கேட்போம். பத்தால் பெருக்கினாலும் ஏழரை நிமிடம். ஏழரைதான்.

எங்கள் கோரிக்கை சிறியது. பாகிஸ்தானுடனான 2005 அக்டோபர் 3 ஒப்பந்தப்படி, உயரே எறியப்பட்டு வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணையின் சோதனைக்கு 3 நாள் முன்பே தகவல் சொல்கிறீர்கள். ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளும், விழுமிடம் 75 கிலோமீட்டருக்குள்ளும் வரக்கூடாது. விமானம்போல் பறந்து செல்லும் க்ரூஸ் ஏவுகணை அதில் இல்லை. 2007 ஒப்பந்தம் அணு ஆயுத விபத்துக்கு மட்டும். பிரமோஸ் இரண்டிலும் சேராமல் நடுவில் விழுந்தது. க்ரூஸ் ஏவுகணையையும் சேருங்கள்; தவறுதலாக எது கிளம்பினாலும், அது தரையைத் தொடுமுன், இரு ராணுவங்களுக்கும் இடையிலான நேரடித் தொலைபேசியான ஹாட்லைனில் சொல்லுங்கள். அன்று அவர்களின் ராணுவச் செய்தித் தொடர்பாளர் 10ஆம் தேதி ஊருக்கே சொன்ன பிறகு, 11ஆம் தேதிதான் நம் விளக்கம் வந்தது. ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநரகங்கள் செவ்வாய்தோறும் ஹாட்லைனில் பேசுவது வழக்கம். ஏவுகணை புதன்கிழமை கிளம்பியது அதன் குற்றம்தான்.

அணுகுண்டு விழுந்தால் ‘பெரும் பதிலடி’ என்று கோட்பாட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களே, லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவே 50 கிலோமீட்டர்தான் என்று எழுதியவர்களுக்குத் தெரியாதா? லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களைப் பணயம் வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எந்த ஊர் தர்மம்? காற்று திசை மாறினால் நம் பிள்ளைகளும் அந்தப் பணயத்தில் சேர்த்திதானே?

மன்னிக்கவும், கோபத்தில் தடம் மாறிவிட்டோம். கோட்பாட்டை இன்றே மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணுமின் நிலையங்கள் உள்ளிட்ட அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறீர்கள், கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. மனம் வைத்தால் முடிகிறது. அதே அக்கறையோடு க்ரூஸ் ஏவுகணைக்கும் ஹாட்லைன் அழைப்புக்கும் ஒரு விதி எழுதுங்கள். அது கையெழுத்தாகும்வரை, பயிற்சிக்குக் கிளம்பும் ஒவ்வொரு ஏவுகணை வண்டியிலும் கனெக்டர் கழற்றப்பட்டதா என்று இருவர் தனித்தனியே பார்த்துக் கையெழுத்திடுகிறார்களா என்பதையாவது நாடாளுமன்றத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கவலையோடு சில குடிமக்கள்