கத்தியைக் காட்டுகிறார்கள், வெட்டிக் காட்டுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பொழுதுபோக்குக் குழுக்களைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், கத்தி ஆர்வலர்களின் குழுக்களும் காணொலிகளும் ‘தகவல் சுரங்கம்’ என்று பாராட்டப்பட்டிருந்தன. கத்தி தீட்டுவதை 9 ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையில் அந்தச் சுரங்கத்தில் நானும் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். அங்கே தகவல் இல்லாமலில்லை. ஆனால் அதை எடுப்பதற்குள் எவ்வளவு மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

வழக்கமான காணொலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 22 நிமிடம். முதல் 4 நிமிடம் அட்டைப்பெட்டிக்கே போய்விடுகிறது. மேலட்டை, உள்ளட்டை, நன்றிச் சீட்டு, துடைக்கும் துணி, ஒட்டுப்படம் என ஒவ்வொன்றும் விளக்கொளியில் உயர்த்திக் காட்டப்படுகிறது. அடுத்த 10 நிமிடம் மடக்குக் கத்தியைக் கட்டைவிரலால் தட்டித் திறப்பதும் மூடுவதுமாகக் கழிகிறது. அந்த ‘டக்’ ஓசை நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒலிவாங்கியை மிக அருகில் வைத்துக்கொள்கிறார்கள். மூடியிருக்கும்போது அலகு நட்டநடுவில் நிற்கிறதா, திறந்தபின் ஆட்டம் தெரிகிறதா, விட்டவுடன் தானாக விழுந்து மூடுகிறதா என்பவையெல்லாம் மருத்துவப் பரிசோதனைக்குரிய கவலையோடு ஆராயப்படுகின்றன. பின்னர் தயாரிப்பாளரின் விவரச் சீட்டு அப்படியே வாசிக்கப்படுகிறது. 19ஆம் நிமிடத்தில்தான் ஒரு வெள்ளைத் தாள் வருகிறது. கத்தி அதில் இறங்குகிறது, பாதி வழியில் சிக்குகிறது, காட்சி துண்டிக்கப்பட்டு வேறொரு புதுத் தாள் கையில் இருக்கிறது. இம்முறை தாள் இரண்டாகிவிடுகிறது. ‘பார்த்தீர்களா!’ என்ற வியப்போடு மதிப்பெண்ணும் வழங்கப்பட்டுவிடுகிறது. வெட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளைப் பற்றிய 22 நிமிடத்தில் வெட்டியது ஒரே ஒரு தாள்.

அந்த ஒரு தாளாவது எதையேனும் உணர்த்துகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. நான் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய மடக்குக் கத்தியை இப்படியொரு காணொலியை நம்பித்தான் வாங்கினேன். வந்த அன்று அது முன்கை மயிரை மழித்தது. தாளைச் சரசரவென்று அறுத்தது. மூன்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் வழுக்கத் தொடங்கியது. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, வெள்ளித்தாளைக் கிழித்து ஒட்டியதுபோல மெல்லிய பிசிறு ஒன்று கத்தியின் வெட்டும் வாய் நெடுகிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கத்தைச் சாணையில் தேய்க்கும்போது மறுபக்கம் எழும் இந்தப் பிசிறை இருபுறமும் மாற்றி மாற்றி மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, தோல்வாரில் இழுத்து முடிப்பதுதான் தீட்டுபவரின் வேலையில் பாதி. எடுக்காமல் விட்டாலும் அது தாளையும் மயிரையும் அறுக்கும். சற்றுக் கடினமான பொருள் பட்டதும் மடங்கிவிடும், அல்லது பிய்ந்துபோகும். ஆகவே நன்றாகத் தீட்டிய கத்தியும் பிசிறோடு விட்ட கத்தியும் தாள் சோதனையில் ஒரேபோல் தேறிவிடுகின்றன. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ஐம்பதாவது வெட்டையும் நூறாவது வெட்டையும் காட்ட வேண்டும். (தாளைத்தான் வெட்டுவோம் என்று அடம்பிடிப்பவர்கள் தங்கள் நாளிதழின் தாளையாவது எடுத்துக்கொள்ளலாம். அச்சுப்பொறித் தாளின் விறைப்பு அதற்கில்லை என்பதால் அது குறையுள்ள கத்திக்கு இடம் கொடுக்காது. அதிலும் இழையோட்டத்துக்குக் குறுக்கே வெட்டினால் வாயில் இருக்கும் சிறு மூளிகூடத் தெரிந்துவிடும். செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை ஆசிரியர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.)

இதை அளப்பதற்கு முறையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2004இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரம் இதற்கென்றே எழுதப்பட்டது. சிலிக்கா கலந்த அட்டைக் கட்டின்மீது கத்தியை மாறாத விசையுடன் முன்னும் பின்னும் ஓட்டி, எத்தனை மில்லிமீட்டர் ஆழம் அறுபட்டது என்பதைக் கணக்கிடுகிறார்கள். தொடக்கத்தில் இருக்கும் கூர்மை வேறு, அந்தக் கூரைத் தாங்கும் திறன் வேறு என்று அந்தத் தரம் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள காட்ரா என்னும் கத்தி ஆய்வு நிறுவனத்தின் எந்திரம் இவ்வேலைக்குப் பெயர்பெற்றது. அந்த எந்திரத்தை வீட்டில் வாங்கி வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே வகைக் கயிற்றையோ அட்டையையோ எடுத்துக்கொண்டு, ஒரே கோணத்தில் தீட்டிய இரண்டு கத்திகளால் வெட்டி எண்ணிச் சொல்வதற்கு எந்திரம் வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும்.

வெட்டாமல் 22 நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்று கேட்டால், எஃகின் பெயரைக் கொண்டுதான். எனக்கு மிகுந்த சலிப்பைத் தருவது இதுவே. எஸ்30வி என்ற எஃகு 2001இல் கத்திகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டு வெளிவந்தது. 14 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் வனேடியமும் கொண்டது. அன்று அதைக் கொண்டாடாத ஆர்வலர் இல்லை. இன்று அதே எஃகில் செய்த கத்தியை ஒருவர் வாங்கினேன் என்று சொன்னால், ‘இன்னுமா அந்தப் பழசு?’ என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். எஃகின் சேர்மானத்தில் இம்மியும் மாறவில்லை, மாறியது பேச்சுதான். 2021இல் மேக்னாகட் என்ற புது எஃகு வந்தபின் மற்ற எல்லாம் குப்பை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மேக்னாகட் நல்ல எஃகு என்பதில் எனக்கு ஐயமில்லை. துருவைத் தாங்கும் எஃகுகளில் எளிதில் உடையாத தன்மையும் அவ்வளவாகச் சேர்ந்து அமைவது அரிது. ஆனால் எந்த எஃகும் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் பதத்தைப் பொறுத்துத்தான் கத்தியாகிறது. ஒரே எஃகை இருவேறு பட்டறைகள் இருவேறு விதமாகச் சுட்டுத் தோய்த்தால், ஒன்றின் வாய் மடங்கும், மற்றொன்றின் வாய் மூளியாகும். அதற்குப் பிறகு தடிமனும் கோணமும் இருக்கின்றன. பக்கத்துக்கு 25 பாகையில் கட்டையாகத் தீட்டிய உயர்ந்த எஃகைவிட, பக்கத்துக்கு 15 பாகையில் மெல்லியதாகத் தீட்டிய எளிய எஃகு அட்டையில் இலகுவாக இறங்கும். இதைக் கையில் பிடித்து வெட்டிப் பார்த்த எவரும் அறிவர். சேர்மான அட்டவணையை மட்டும் படித்தவர்கள் அறியார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வனேடியம் மிகுந்த எஃகுகளில் உருவாகும் கார்பைடு மணிகள் (உலோகமும் கரிமமும் சேர்ந்த கடினமான துகள்கள்), வழக்கமான சாணைக்கற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. வைரத்துகள் பதித்த தகடு போன்றவை இல்லாமல் அவற்றை ஒழுங்காகத் தீட்டுவது பெரும்பாடு. அப்படிப்பட்ட எஃகைத்தான், இதுவரை ஒரு கத்தியைக்கூடத் தீட்டியறியாத புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அது மழுங்கும்போது அந்தப் புதியவர் சாதாரணக் கல்லில் மணிக்கணக்காக உரசிப் பார்த்துவிட்டு, எஃகு சரியில்லை என்று எழுதுகிறார்; உடனே அதைவிட விலை கூடிய இன்னோர் எஃகின் பெயர் அவருக்குச் சொல்லப்படுகிறது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதைதான். இங்கே கூடத்தை விற்பவர்களும் அதை ஆமோதிக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. என் முதல் கத்தியை மீட்டது எந்தப் புது எஃகுமில்லை. வாயின் சரிவில் கறுப்பு மார்க்கர் மையைப் பூசிவிட்டுக் கல்லில் இரண்டு முறை இழுத்தேன். மை சரிவின் மேல்விளிம்பில் மட்டும் அழிந்து, கூரருகே அப்படியே இருந்தது. இத்தனை நாளும் கல் கூரைத் தொடவே இல்லை. முதுகைச் சற்றே உயர்த்திப் பிடித்ததும் வேலை நடந்தது. இந்தச் சிறு உத்தியை, 40 பேர் பார்த்திருந்த, முகமே காட்டாத ஒருவரின் 3 நிமிடக் காணொலியில் கற்றேன்.

ராக்வெல் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். வைரக் கூம்பொன்றை 150 கிலோ விசையில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக் கணிக்கும் கடினத்தன்மையின் அளவு அது. 62 என்றால் 60ஐவிட எப்போதும் சிறந்த கத்தி என்ற பொருள் அதற்குக் கிடையாது. கடினம் கூடக்கூட உடையும் தன்மையும் பெரும்பாலும் கூடும். காணொலியில் சொல்லப்படும் எண்ணோ தயாரிப்பாளரின் சீட்டில் அச்சடித்தது. சொல்பவர் அளந்து பார்த்தது அன்று.

டமாஸ்கஸ் என்ற பெயர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் அலைவடிவம், மூசை என்னும் உருக்குக் கலத்தில் உருக்கி எடுத்த எஃகுக்குள் கார்பைடுகள் அடுக்கடுக்காக அமைந்ததால் தோன்றியது. ஊட்ஸ் என்று மேலைநாட்டார் எழுதிய அந்த எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றது. இன்று அந்தப் பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்து, மடித்து, அமிலத்தில் நனைத்துக் கோடுகளை வெளிக்கொணர்ந்தவை. அதுவும் அழகான கைவேலைதான், குறையில்லை. ஆனால் சாதாரண அலகின்மேல் லேசரால் கோடு பொறித்துவிட்டு ‘தொலைந்துபோன பண்டைய இரகசியம்’ என்று பின்னணி இசையோடு விற்கும்போதும், உப்புத்தாளால் நான்கு முறை தேய்த்தால் அந்த இரகசியம் அழிந்துவிடும் என்பதை ஒருவரும் தேய்த்துக் காட்டுவதில்லை.

குழுக்களின் உரையாடல் தனி ரகம். ‘என் கத்தி மழுங்கிவிட்டது, என்ன செய்யலாம்?’ என்று ஒருவர் கேட்டால், ‘என்ன கல் வைத்திருக்கிறீர்கள்?’ என்று திரும்பக் கேட்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள், தூக்கியெறியுங்கள் என்பார்கள்; அந்த நாட்டில் செய்ததா, அப்படியென்றால் அதுதான் காரணம் என்பார்கள்; கையால் தீட்டுவதா, கோணம் பிடித்துத் தரும் கருவியில் தீட்டுவதா என்று தங்களுக்குள் சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். கேட்டவர் எப்போது வெளியேறினார் என்பதைக்கூட யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு வழக்கம், அன்றாடம் சட்டைப்பையில் சுமப்பவை என்று கத்தி, கைக்கடிகாரம், சிறுவிளக்கு, பேனா ஆகியவற்றை மரப்பலகையில் அணிவகுத்துப் படம் போடுவது. நாள்தோறும் சுமக்கப்படும் அந்த அலகில் ஒரு கீறல்கூட இருக்காது. சேகரிப்பது தவறில்லை, சேகரிப்பவர் உழைப்பாளியின் குரலில் பேசும்போதுதான் நெருடுகிறது.

சிரித்துவிட்டுப் போக முடியாதவையும் சில உண்டு. மடக்குக் கத்தியின் பூட்டு உறுதியானதா என்று பார்க்க, திறந்த கத்தியின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடிக்கிறார்கள். பூட்டு விட்டுவிட்டால் அலகு மூடும் வழியில் இருப்பவை அடிப்பவரின் நான்கு விரல்கள். அதைப் பார்த்து எத்தனை பேர் வீட்டில் செய்து பார்ப்பார்கள் என்பது அடிப்பவரின் கவலையாகத் தெரியவில்லை. அதுபோலவே, ‘இதைத் தாராளமாகப் பையில் வைத்துக்கொள்ளலாம், சட்டச் சிக்கல் இல்லை’ என்று எந்த நாட்டிலிருந்து பேசுகிறோம் என்பதைக்கூடச் சொல்லாமல் உறுதிமொழி தருகிறார்கள். பிரிட்டனில் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கத்தக்கது, பூட்டு இல்லாத, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மட்டுமே. ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றிக் கொண்டுசெல்வது குற்றம். அவர்கள் கொண்டாடும் கத்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு அளவுகளிலும் தேறாது.

இலவசமாக வந்த கத்தியைப் பற்றி ‘என் கருத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது’ என்று தொடங்கும் காணொலிகளைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. விலைக்கு வாங்கினார்களா என்பதை நான் அறியேன். ஆனால் அவ்வாறு வந்த கத்தி ஒன்றையேனும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை இந்த 9 ஆண்டுகளில் நான் கேட்டதில்லை.

தங்கள் கட்டுரையாளர் இந்தத் துறையைப் பற்றி மீண்டும் எழுதுவாராயின், அவர் பாராட்டிய படைப்பாளிகளிடம் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, விடைகளைச் சுருக்காமல் வெளியிடுமாறு வேண்டுகிறேன். காணொலியில் காட்டிய கத்தியால் அதன்பின் எத்தனை முறை வெட்டினீர்கள்? அது மழுங்கியபோது அதைத் தீட்டியது யார்?

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்